எங்கள் அம்மாவின் தாகம்



நோயென்பது கதவைத் தட்டி அனுமதி கேட்டு வருகின்ற விருந்தாளி அன்று. எங்கள் வீட்டினுள் அது நுழைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் பிள்ளைகள் நாங்கள் மூவர். பன்னிரண்டாம் வகுப்பில் அக்கா, பத்தாம் வகுப்பில் இந்தக் கட்டுரையை எழுதும் கைக்கு உரியவள், ஏழாம் வகுப்பில் தம்பி. கை ஒன்றுதான் என்றாலும் சொல்ல இருப்பது மூவருக்கும் பொதுவானது. ஆகையால் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

எங்கள் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. வெகுநாள் கவனிக்கப்படாமல் இருந்த இரத்தக் கொதிப்பே காரணம் என்று மருத்துவர் சொன்னார். நலமுள்ள ஒருவருடைய சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. மற்றதெல்லாம் இரத்தத்திற்கே திரும்பிவிடும். தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். வீட்டில் இதன் பொருள் வேறு. அந்த ஒன்றரை லிட்டர் வெளியேறாவிட்டால் குடித்த தண்ணீர் போக வழியின்றிக் காலில் தங்கும், முகத்தில் தங்கும், கடைசியில் நுரையீரலிலும் தங்கி மூச்சை அடைக்கும். ஆகவே வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், அரசு மருத்துவமனையில் அம்மாவுக்கு இரத்தச் சுத்திகரிப்பு நடக்கிறது. டயாலிசிஸ் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருப்பதால் அதற்குப் பணம் கட்டுவதில்லை. அந்த அட்டையை அப்பா ஜெபப் புத்தகத்தினுள் வைத்திருக்கிறார்கள்.

அம்மாவின் இடக் கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருக்கிறார்கள். அந்தக் கையால் குடம் தூக்கக் கூடாது. அதில் இரத்தக் கொதிப்பும் பார்க்கக் கூடாது. காதை வைத்துக் கேட்டால் தூரத்தில் தையல் இயந்திரம் ஓடுவதுபோல 'விர்ர்' என்று ஓசை வரும். தம்பி இரவில் படுக்கப் போகுமுன் அதைக் கேட்டுவிட்டுத்தான் போவான். ஓசை இருந்தால் எல்லாம் சரி என்று அவனுக்குத் தெரியும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது தாகம்.

தூத்துக்குடிக்குப் பக்கத்தில், உப்பளங்களின் நடுவே இருக்கிறது எங்கள் ஊர். சித்திரை வெயிலில் உப்புப் பாத்திகளைப் பார்த்தாலே கண் கூசும், தொண்டை காயும். அந்த ஊரில் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். காலையில் குடிக்கும் காப்பி, சோற்றுக்கு ஊற்றும் ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். காலை எழுந்ததும் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிடுவார்கள். காப்பிக்கு எடுத்தால் அந்த அளவு பாட்டிலிலிருந்து குறைய வேண்டும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை இறுத்துவிட வேண்டும், உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். உப்பு விளையும் ஊரில் உப்பில்லாக் குழம்பு! நாக்கு மிகவும் வறண்டால் ஓர் எலுமிச்சம்பழத் துண்டைச் சப்புவார்கள், அல்லது வாயைக் கொப்பளித்துத் துப்புவார்கள். துப்பும் தண்ணீரை அம்மா ஒரு கணம் வாயில் வைத்திருப்பார்கள். அந்த ஒரு கணம் எங்களில் யாரும் அவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை.

எங்கள் ஆச்சி சிறுபிள்ளையாக இருந்த காலத்தில், நற்கருணை வாங்குகிறவர்கள் நள்ளிரவு முதல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதாம். முகம் கழுவும்போது தவறி உள்ளே போய்விட்டால் அன்று நன்மை இல்லை என்று அழுதுகொண்டே பூசை கண்டவர்கள் உண்டாம். 1953-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர் தண்ணீர் உபவாசத்தை முறிக்காது என்று அறிவித்தார். பிற்பாடு உபவாசமே ஒரு மணி நேரமாகக் குறைந்தது. நோயாளிகளுக்கு அதிலும் சலுகை உண்டு. "திருச்சபை குடின்னு சொல்லுது, டாக்டர் குடிக்காதன்னு சொல்றாரு. யாருக்குக் கீழ்ப்படியட்டும் அத்தை?" என்று அம்மா கேட்டு, இருவரும் சிரித்த சிரிப்பு எங்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

செவ்வாயும் வெள்ளியும் ஜெபமாலையில் துக்க தேவ இரகசியங்களுக்கு உரிய நாட்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மருத்துவமனையில் முறை ஒதுக்கியவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. அம்மா மட்டும் அதைக் கேட்டவுடனே விரலை மடக்கிப் பார்த்து, "பொருத்தமாத்தான் கொடுத்திருக்காங்க" என்றார்கள். ஊசி குத்தாத வலக் கையில் மணிகளை உருட்டிக்கொண்டே நான்கு மணி நேரத்தையும் கழித்துவிடுவார்கள். பக்கத்துக் கட்டிலில் படுக்கும் இஸ்லாமியப் பெண்மணியும் தஸ்பீஹ் மணி வைத்திருக்கிறார்களாம். யார் மணி முதலில் முடிகிறது என்று இருவரும் பந்தயம் கட்டுவதுண்டாம்!

ஒரு பெரிய வெள்ளியன்றும் அம்மாவுக்கு முறை இருந்தது. காலை முதல் பேருந்தில் போய், இரத்தம் சுத்தம் செய்துகொண்டு, பகல் ஒரு மணிக்குத் திரும்பி, மூன்று மணிக்குக் கோவிலில் பின்வரிசை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்கள். அன்று ஆண்டவர் சிலுவையில் மொழிந்த ஏழு வார்த்தைகளைப் பற்றிப் பிரசங்கம். ஐந்தாம் வார்த்தை அவருடைய தாகத்தைப் பற்றியது. அது ஆத்துமங்களின் மேல் அவர் கொண்ட தாகம் என்று சாமியார் மிக அழகாக விளக்கினார். எங்களுக்கும் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னார்கள்:

"சாமி சொன்னது சரியாத்தான் இருக்கும். ஆனா எனக்கென்னமோ அது வெறும் தண்ணித் தாகந்தான்னு தோணுது. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, அடிச்சதுல அவ்வளவு ரத்தம் போயிருக்கு, உச்சி வெயிலு. நாக்கு அண்ணத்தோட ஒட்டாம என்ன செய்யும்? எங்க வார்டுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க."

சற்று நேரம் கழித்து, "காடி கொடுத்தாங்களே, அதுகூட நாக்கு வறட்சிக்கு நல்லதுதான். நான் எலுமிச்சை சப்புறேன்லா, அது மாதிரி" என்றார்கள்.

ஞானோபதேச வகுப்பில் பத்தாண்டுகள் படித்த நாங்கள் இப்படி ஒரு விளக்கத்தைக் கேட்டதில்லை. இது சரியா தவறா என்று இறையியல் படித்தவர்கள் சொல்லட்டும். அன்றிலிருந்து, தாகம் தாங்கமுடியாத வேளைகளில் அம்மா சுவரிலுள்ள பாடுபட்ட சுரூபத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள். வாயால் ஜெபம் எதுவும் சொல்வதில்லை. ஒரே வார்டில் படுத்திருக்கும் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது போலத்தான் இருக்கும்.

இனி, எங்கள் வீட்டுக்கு வரும் விருந்தினரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயாளி வீட்டிற்கு யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவார்கள், அதை அம்மா தொட முடியாது, தம்பிக்குக் கொண்டாட்டம். பழத்தோடு ஆலோசனையும் வரும். எங்கள் அத்தை செப்டம்பர் 8-ஆம் தேதி மாதா திருநாளுக்கு வேளாங்கண்ணி போனார்கள். அங்கே கடைகளில் தகட்டில் செய்த கண், கை, கால் எல்லாம் நேர்ச்சைக்குக் கிடைக்கும் அல்லவா? அத்தை கடை கடையாக ஏறிச் சிறுநீரகம் கேட்டிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு முழு ஆள் உருவத்தை வாங்கி, "இதுக்குள்ள எல்லாம் இருக்கும், மாதாவுக்குத் தெரியும்" என்று காணிக்கை செலுத்திவிட்டு வந்தார்கள். கூடவே ஒரு புட்டி புனித நீர். அம்மா அதைப் பக்தியோடு வாங்கி, சிலுவை வரைந்து, ஒரு மூடி அளவு குடித்தார்கள். பின்பு எழுந்து போய்ப் பாட்டிலிலிருந்து ஒரு மூடித் தண்ணீரைக் கீழே ஊற்றினார்கள். புனித நீரும் முக்கால் லிட்டரில் சேர்த்திதான்.

வேறொருவர் வந்தார். அவர் யாரென்று எழுத விரும்பவில்லை. மெய்யான விசுவாசம் இருந்தால் ஊசியும் மருந்தும் எதற்கு, அவற்றை விட்டுவிட்டு ஜெபக் கூட்டத்திற்கு வாருங்கள் என்று அழைத்தார். இரண்டு முறை டயாலிசிஸ் தவறினால் அம்மாவின் நிலை என்னவாகும் என்பது மூன்று பிள்ளைகளுக்கும் தெரியும். நாங்கள் கதவோரம் நின்று அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா கோபப்படவில்லை. வேதாகமத்தை எடுத்துச் சீராக் ஆகமம் 38-ஆம் அதிகாரத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்கள். மருத்துவரை மதிக்க வேண்டும் என்றும், மருந்துகளை மண்ணிலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவரே என்றும் அங்கே எழுதியிருக்கிறது. வந்தவருடைய வேதாகமத்தில் அந்த ஆகமமே கிடையாது! பேச்சு அதன் பிறகு மழையைப் பற்றித் திரும்பிற்று.

ஒருமுறை அம்மாவுக்கு நுரையீரலில் நீர் கோத்து மிகவும் முடியாமற் போயிற்று. பங்குச் சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு வந்தார். அவரை வாசலில் கண்டதும் ஆச்சி தலையிலடித்துக்கொண்டு, "அவஸ்தை பூசவா சாமி வந்தீக? அவ்வளவுக்கு ஆயிப்போச்சா?" என்று ஓவென்று அழுதுவிட்டார்கள். ஆச்சியின் காலத்தில் அது சாகப்போகிறவர்களுக்கு மட்டுமே கொடுக்கப்பட்டது. சாமியார் வந்தால் அடுத்து சவப்பெட்டிதான் என்று தெருவே முடிவு கட்டிவிடும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் அதை நோயில் பூசுதல் என்றழைப்பதே பொருத்தம் என்றது. 1972-ல் அதற்குப் புதிய சடங்குமுறையும் வந்தது. கடும் நோயிலிருக்கும் எவரும் பெறலாம். நோய் முற்றினால் மறுபடியும் பெறலாம். சாமியார் இதையெல்லாம் ஆச்சியிடம் பொறுமையாகச் சொன்னார். ஆச்சி அரைகுறையாகத்தான் நம்பினார்கள். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் எண்ணெய் பூசியபோது, ஊசித் தழும்புகள் நிறைந்த அந்த இடக் கையை அம்மா மிகவும் மெதுவாக விரித்துக் காட்டினார்கள். நான்காம் நாள் எழுந்து உட்கார்ந்து, எங்களுக்குத் தலை பின்னிவிட்டார்கள். "பார்த்தியா, இது புது எண்ணெய்" என்று ஆச்சி தெருவெல்லாம் சொன்னார்கள்.

ஆயினும் சிறுநீரகங்கள் வேலை செய்யத் தொடங்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நம் பள்ளி லூர்து கெபியின் முன்னால் முழந்தாளிட்டிருக்கும் பெர்னதெத் சுரூபத்தை நாம் அனைவரும் நாள்தோறும் பார்க்கிறோம். 1858-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை 18 முறை தேவ அன்னையைக் கண்டபோது அவருக்கு வயது 14. அவர் கைகள் தோண்டிய இடத்தில் பீறிட்ட ஊற்றைத் தேடி உலகெங்குமிருந்து நோயாளிகள் போகிறார்கள். அத்தனை ஆண்டுகளில் புதுமை என்று திருச்சபை ஏற்றுக்கொண்டவை எழுபதைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எண்ணிப் பாருங்கள், போனவர்கள் எத்தனை இலட்சம்! பெர்னதெத்துக்கோ சிறுவயது முதலே இழுப்பு நோய். பின்னர் முழங்கால் எலும்பில் காசநோய். 1866-ல் நெவேர் மடத்தில் சேர்ந்தபின் அவர் லூர்துக்குத் திரும்பவே இல்லை. 1879 ஏப்ரல் 16-ஆம் நாள் 35 வயதில் இறந்தார். ஊற்றைக் காட்டியவருக்கு ஊற்று உதவவில்லை. இதை அக்கா அம்மாவிடம் சொன்னபோது, "அப்ப அவங்களும் நம்ம கட்சிதான்" என்றார்கள் அம்மா.

பெரியவர்களுக்கு இந்தப் பதில் போதும். தம்பிக்குப் போதவில்லை. கடந்த தவக்காலத்தில் ஒரு நாள் இரவு ஜெபமாலையில் அவன் முறை வந்தபோது வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் முதல் பத்து மணி அப்பா, அடுத்து அம்மா, அடுத்து அக்கா, நான்காவது இதை எழுதுகிறவள், ஐந்தாவது தம்பி. ஒவ்வொருவரும் தம் பத்தைத் தொடங்குமுன் ஒரு கருத்துச் சொல்லி ஒப்புக்கொடுக்க வேண்டும். அவனுடைய கருத்து எப்போதும், "அம்மாவுக்குச் சுகம் கிடைக்க வேண்டும்" என்பதே. அன்று அவன், "தெனமும் கேக்கேன். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப் போச்சு. இனிமே கேக்க மாட்டேன்" என்றான். அப்பா கையை ஓங்கிவிட்டார்கள். அம்மாதான் தடுத்தார்கள்.

"விடுங்க. அவன் ஆண்டவர்ட்ட கோவமா இருக்கான். வீட்ல கோவப்பட்டா என்ன செய்வான்? பேசாம இருப்பான். வீட்ட விட்டா போயிருவான்? மணியக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காரட்டும், போதும்."

அப்படியே நடந்தது. ஐந்தாம் பத்தை ஆச்சி சொல்வார்கள். தம்பி மணியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்திருப்பான்.

அந்நாட்களில்தான் அக்கா, சிறுமலர் தெரேசம்மாளின் வாழ்க்கை வரலாற்றை நூலகத்திலிருந்து எடுத்து வந்து, மருத்துவமனைக்குத் துணை போகும் நாட்களில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினாள். ரோஜாப் பூக்களை ஏந்திப் புன்னகை செய்யும் அந்தப் படம் நமது ஜெபப் புத்தகங்களில் இல்லாமலிராது. படத்தில் இல்லாதது புத்தகத்தில் இருக்கிறது. 1896-ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவில் அவருக்கு முதன்முதலாக இரத்தம் வாயில் வந்தது. காசநோய்க்கு அப்போது மருந்து கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-ல். அதே உயிர்ப்புக் காலத்தில் அவருடைய உள்ளத்திலும் இருட்டு வந்து சேர்ந்தது. மோட்சம் என்று ஒன்று இருக்கிறதா என்ற சந்தேகம் அவரை விடாமல் வாட்டியது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள். விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தாலேயே எழுதித் தம்மோடு வைத்துக்கொண்டார். 1897 செப்டம்பர் 30-ஆம் நாள் 24 வயதில் இறக்கும்வரை அந்த இருட்டு முழுதும் விலகவில்லை. இப்படிப்பட்டவரைத்தான் திருச்சபை 1925-ல் புனிதை என்றும், 1997-ல் மறைவல்லுநர் என்றும் உயர்த்தியது.

அம்மா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லையாம். பிறகு, "இதைச் சின்னவனுக்கும் வாசிச்சுக் காட்டு" என்றார்களாம். அக்கா வாசித்தாள். அவன் 'உம்' என்றான். வேறொன்றும் சொல்லவில்லை. கதைகளில் வருவதுபோல உடனே மனம் மாறி முழந்தாளிட்டான் என்று எழுத எங்களுக்கும் ஆசைதான்.

நிரந்தரத் தீர்வு மாற்றுச் சிறுநீரகம்தான் என்கிறார் மருத்துவர். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் கொடுக்க முடியாது. அக்காவுக்கு அடுத்த ஆண்டு 18 முடிகிறது. அந்தப் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து போய்விடுகிறார்கள். ஆகவே அரசின் காத்திருப்போர் பட்டியலில் அம்மாவின் பெயரைப் பதிந்திருக்கிறோம். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை, அவர்கள் குடும்பத்தார் சம்மதித்தால், பட்டியல் வரிசைப்படி கொடுக்கும் திட்டம் நம் மாநிலத்தில் 2008 முதல் நடக்கிறது. இவ்வாறு கொடுப்போரின் உடலை அரசு மரியாதையோடு அடக்கம் செய்வதென 2023-ல் முதல்வர் அறிவித்தார். இரண்டாம் ஜான் பால் பாப்பரசரும் உறுப்புதானத்தை உயர்ந்த அன்புச் செயல் என்று போற்றியிருக்கிறார்.

பெயர் பதிந்த அன்று இரவு அப்பா தம் பத்து மணிக்கு முன், "சீக்கிரம் ஒரு கிட்னி கிடைக்க வேண்டும்" என்று கருத்துச் சொன்னார்கள். அம்மா, "அப்படிக் கேக்காதீங்க" என்று நிறுத்தினார்கள். "அது எப்படிக் கிடைக்கும்? எங்கயோ ஒரு வீட்ல ஒரு பிள்ளை பைக்குல போயி விழுந்தாத்தான் கிடைக்கும். அத எப்படி நாம மாதாகிட்டக் கேக்கது? அவளும் பிள்ளையப் பறிகொடுத்தவ தான?"

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கேட்காமலும் இருக்க முடியாது, கேட்கவும் முடியாது. உண்மையைச் சொன்னால் இதற்கு விடை எங்களுக்கு இன்றும் தெரியாது. நம் அருட்சகோதரி ஒருவரிடம் கேட்டோம். அவர்களும் உடனே பதில் சொல்லாமல், "இன்னொரு நாள் பேசுவோம்" என்றார்கள். உடனே சொல்லாததாலேயே அவர்கள் மேல் எங்களுக்கு மதிப்புக் கூடியது.

அந்த இரவு, நான்காம் பத்து முடிந்து ஆச்சி தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தபோது, தம்பி திடீரென்று கேட்டான்: "அந்த வீட்ல இப்ப எல்லாரும் நல்லா இருப்பாங்கள்லா?"

"எந்த வீட்ல?"

"நமக்குக் கிட்னி தரப்போற வீட்ல."

"நல்லாத்தான் இருப்பாங்க. இப்ப சாப்பிட்டுக்கிட்டு இருப்பாங்க" என்றார்கள் அம்மா.

அவன் ஆச்சியைக் கையால் நிறுத்திவிட்டு ஐந்தாம் பத்தைத் தானே தொடங்கினான். அன்றிலிருந்து அது மறுபடியும் அவனுடையது. அந்த வீட்டார் எல்லாரும் நெடுநாள் சுகமாயிருக்க வேண்டும் என்பதே அவன் சொல்லும் கருத்து. அவர்கள் சுகமாயிருந்தால் அம்மாவுக்குச் சிறுநீரகம் வராது என்பதை அக்கா அவனுக்கு விளக்கிச் சொல்லிவிட்டாள். "தெரியும்" என்றான். இருந்தும் கருத்தை மாற்றவில்லை. அவன் சொல்லி முடித்ததும் அம்மா 'ஆமென்' என்கிறார்கள். அந்த இடத்தில் அப்பாவின் குரல் மட்டும் சற்றுத் தாமதமாக வருகிறது.